கேள்வி – பதில்: நிழலில் நின்ற பாடலாசிரியர்

கேள்வி: அறுபதுகளின் ஆங்கிலப் பாப் குழுக்களில் உரிய கவனம் பெறாத பாடலாசிரியர் என்று யாரைச் சொல்வீர்கள்?
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: தயக்கமின்றி, 'தி ஜாம்பீஸ்' குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த கிறிஸ் ஒயிட்டைச் சொல்வேன். 1969இல் அமெரிக்காவில் பெருவெற்றி கண்ட அக்குழுவின் 'டைம் ஆஃப் தி சீசன்' பாடல், அதில் கீபோர்டு வாசித்த ராட் ஆர்ஜென்ட் எழுதியது என்பதால் புகழ் அவர் பக்கம் சென்றது. ஆனால் அப்பாடல் இடம்பெற்ற 1968ஆம் ஆண்டு இசைத்தொகுப்பின் பன்னிரண்டு பாடல்களில் ஏழு ஒயிட்டினுடையவை. அவற்றுள் 'புட்சர்ஸ் டேல்' என்னை இன்றும் உலுக்குகிறது. முதல் உலகப்போருக்குச் சென்ற ஒரு கசாப்புக்காரன், கை நடுக்கம் நிற்காமல், வீடு திரும்ப வேண்டும் என்று கெஞ்சுவதாக அமைந்த அப்பாடலை, நம் ஆர்மோனியத்துக்கு உறவான, காலால் மிதித்துக் காற்றூட்டும் ஆர்கன் துணையுடன் ஒயிட்டே பாடியிருக்கிறார். குழுவின் பாடகர் காலின் பிளன்ஸ்டோனின் இனிய குரலைவிட, பயிற்சியற்ற அந்தக் குரலே அச்சத்தை நம்ப வைக்கிறது. இதே மனிதர்தான் 'திஸ் வில் பீ அவர் இயர்' என்ற, இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும் காதல் பாடலையும் எழுதினார். துன்பத்தைக் கடந்துவந்த இருவரின் நிம்மதியை இவ்வளவு எளிய சொற்களில் சொன்ன பாப் பாடல்கள் மிகக் குறைவு. முதலில் இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.