வாசகர் கேள்வி: தீர்ப்பா, சட்டமா?

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கதவைத் திறந்தது 1954 தீர்ப்பா, 1964 சிவில் உரிமைச் சட்டமா?
– ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: என்னைக் கேட்டால் சட்டம்தான். இனவாரியாகப் பாடசாலைகளைப் பிரித்து வைப்பது தவறு என்று 1954இல் உயர் நீதிமன்றம் சொன்னது சரி, ஆனால் பத்து வருடம் கழித்தும் தென் மாநிலங்களில் வெள்ளைப் பிள்ளைகளோடு படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. பாகுபாடு காட்டினால் மத்திய அரசின் பணம் கிடையாது என்றது 1964 சட்டம். மறுவருடமே பாடசாலைகளுக்குப் பெருந்தொகை ஒதுக்கினார்கள், அப்புறம் அந்தப் பணம் போய்விடுமே என்ற பயம் வேலை செய்தது. எனக்குப் பிடித்தது 1974 வழக்கு: சான் பிரான்சிஸ்கோ சீனப் பிள்ளைகள், புரியாத மொழியில் மட்டும் பாடம் நடத்துவது சம வாய்ப்பாகாது என்று இதே சட்டத்தை வைத்து வென்றார்கள்.

நம் இலங்கை மலையகத்தில் சட்டம் முதலில் பறித்தது, 1948இல், இந்திய வம்சாவளித் தோட்ட மக்களின் பிரஜாவுரிமையை. அது இல்லாமல் மிச்சமிருந்தவர்களுக்கும் கிடைக்க 2003 ஆனது. இடையில், 1970களில், துரைமார் (தோட்ட நிர்வாகிகள்) தயவில் நடந்த தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதுதான் பெரிய மாற்றம். கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை மட்டும் இன்னும் தீரவில்லை, உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்க நினைக்கும் பல பிள்ளைகள் டவுனுக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள்.