கேள்வி – பதில்: தலைவர் எங்கே வாசிக்கிறார்?

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், சார்லி ஹேடன் என்ற மறைந்த பாஸ் கலைஞரின் தலைமையில் மூவர் மான்ட்ரியலில் வாசித்த ஜாஸ் கச்சேரிப் பதிவு ஒன்றைக் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தான். பியானோ கேட்கிறது, டிரம்ஸ் கேட்கிறது, தலைவரைத்தான் காணவில்லை. நாகஸ்வரமும் வில்லுப்பாட்டும் கேட்டு வளர்ந்தவன் இதை ரசிக்க வழி உண்டா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், கல்லிடைக்குறிச்சி

பதில்: தங்கள் காதில் குறையில்லை, குறை கைப்பேசியில் இருக்கிறது. ஹேடன் வாசிப்பது டபுள் பாஸ் என்னும், ஆளுயரமும் கனத்த குரலும் கொண்ட தந்தி வாத்தியம். அதன் அடித்தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது; அவ்வளவு கீழே இறங்க அந்தச் சிறு ஸ்பீக்கரால் ஆகாது. நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரவில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை, விசிறியின் இரைச்சல் முதலில் விழுங்குவது அடிக்குரலைத்தான்.

பிறகு தங்களுக்குப் பழக்கமான வில்லுப்பாட்டுக் குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோயில் கொடையில் வில்லடிக்கும் புலவரின் குரலும் வீசுகோலின் சலங்கையும் நம் கவனத்தையெல்லாம் பிடித்துக்கொள்ள, குடம் அடிப்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் கை ஓய்ந்த நொடியில்தான் பாட்டு எதன்மேல் நின்றிருந்தது என்பது உறைக்கும். ஜாஸ் மூவரில் பாஸின் இடம் அதுவே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: குடம் தாளத்தை மட்டும் தாங்குகிறது, பாஸோ தாளத்தோடு சுரத்தையும் தாங்குகிறது.

1989-இல் கனடாவின் மான்ட்ரியல் ஜாஸ் விழா ஹேடனுக்கு எட்டு இரவுகளை ஒதுக்கி, ஒவ்வோர் இரவும் வெவ்வேறு துணைக் கலைஞர்களுடன் வாசிக்க வைத்தது. தங்கள் மகன் தந்தது அவற்றுள் எந்த இரவு என்று தாங்கள் எழுதவில்லை. பியானோவில் ஜெரி ஆலனும் டிரம்ஸில் பால் மோஷனும் வாசித்த இரவாக இருந்தால், ஹேடன் தம் மனைவிக்காக இயற்றிய ‘ஃபர்ஸ்ட் சாங்’ என்ற உருப்படியிலிருந்து தொடங்குங்கள். ராகத்தைத் தேடினால் ஏமாறுவீர்கள். முதலில் மெட்டு ஒரு முறை வரும். அதன் அடியிலுள்ள சுரக்கூட்டுகளின் வரிசை தாளச் சுற்றான ஆவர்த்தனம் போலத் திரும்பத் திரும்பச் சுழல, அதன்மேல் அவரவர் மனோதர்மம், அதாவது அந்த நொடியின் கற்பனை, நடக்கும். இறுதியில் மெட்டுக்கே திரும்புவார்கள். முதல் முறை கேட்கையில் பியானோவை விட்டுவிட்டு பாஸை மட்டும் பின்தொடருங்கள். ஹேடனின் முறை வரும்போது மற்ற இருவரும் தணிந்துவிடுவார்கள். அவரோ வேகத்தைக் காட்டுவதில்லை. ஒரு சுரத்தை மீட்டி, அது தானே தேய்ந்து அடங்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே அடுத்ததைத் தொடுகிறார். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தில் நீண்டு நிற்கும் கார்வைகளில் ஊறிய காதுக்கு இந்தப் பொறுமை புரியாமல் போகாது.

1937-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்த ஹேடன், இரண்டு வயது நிறையும் முன்பே குடும்பத்தாருடன் வானொலியில் பாடியவர். பதினைந்தாம் வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவருடைய குரலைக் கெடுத்தது. விட்டுப்போன அந்தப் பாட்டையே அவர் தந்தியில் பாடுகிறார் என்பது என் எண்ணம். மோஷன் 2011-இலும், ஹேடன் 2014-இலும், ஆலன் 2017-இலும் மறைந்துவிட்டார்கள்.

கேள்வி: ஜாஸ் கச்சேரிப் பதிவுகளில் பாட்டின் நடுவிலேயே கைதட்டுகிறார்களே, அது கலைஞருக்கு இடையூறு இல்லையா?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: இல்லை. ஒருவருடைய தனி வாசிப்பு முடிந்ததும் தட்டுவது ஜாஸ் மரபு. நம் சபாக்களில் கோர்வை என்னும் முத்தாய்ப்புச் சொற்கட்டு, தாளம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து விழுந்ததும் தட்டுகிறோமே, அதைப் போன்றதுதான். அடுத்த முறை அந்த ஒலிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். பியானோவுக்கு விழும் கைதட்டல் ஓய்வதற்குள், பாஸ் ஓரடியும் தவறாமல் அடுத்த சுற்றுக்குள் நடந்து போயிருக்கும்.