பரணில் ஏறும் கம்பளம்

கேள்வி: என் கணவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். போன விடுமுறையில் அங்கே 1,800 திர்ஹத்துக்கு ஒரு பலூச்சிக் கம்பளம் வாங்கி வந்தார். பூப்பூவாகக் கொடிப் பின்னல். ‘பலூசிஸ்தானில் நெய்தது இல்லை, ஆப்கானிஸ்தானின் ஹெராத் பக்கத்துச் சரக்கு’ என்று கடைக்காரரே சொன்னாராம். நீலம் பாதியில் வேறு நீலமாகிறது. கரும்பழுப்புக் கோடுகளில் கம்பளி தேய்ந்து பள்ளமாக இருக்கிறது. ஏமாந்துவிட்டோமா? கூடத்தில்தான் விரித்திருக்கிறேன். ஊரிலிருந்து மாமியார் வரும்போது மட்டும் சுருட்டிப் பரணில் ஏற்றிவிடுவேன். அவருக்கு வெற்றிலைப் பழக்கம் உண்டு.

– வாசகி, திருச்சி

பதில்: கடைக்காரர் உண்மையைச் சொல்லியிருக்கிறார், நீங்கள்தான் அதைக் குற்றமாக்கிவிட்டீர்கள். பலூச்சி என்பது நெய்கிற மக்களின் பெயர். அவர்களுடைய முடிச்சுக் கம்பளங்களில் பெரும்பாலானவை ஈரானின் கொராசானிலும் மேற்கு ஆப்கானிஸ்தானிலும் நெய்யப்பட்டு, மஷ்ஹத், ஹெராத் சந்தைகளுக்கு வருகின்றன. உங்களுடைய கொடிப் பின்னலுக்கு ‘மினா கானி’ என்று பெயர். கையால் சாயமேற்றிய நூல் ஒரு கொப்பரை தீர்ந்து அடுத்ததற்குப் போகும்போது நீலம் மாறும். இரும்பு கலந்த கரும்பழுப்புச் சாயம் நாளடைவில் கம்பளியை அரிக்கும். பழைய பலூச்சிகளில் இந்தப் பள்ளம் சாதாரணம். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், சிவப்பு ஒட்டக் கூடாது. குஞ்சம் தனியாகத் தைத்ததாக இல்லாமல், நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் நீட்சியாக இருக்க வேண்டும். கம்பளத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

எனக்கு உறைத்தது உங்கள் கடைசி வரி. மழை வந்தால் துணியை எடுத்து உள்ளே போடுவதைப் போல எழுதியிருக்கிறீர்கள்!

அந்தக் கம்பளம் எங்கே பிறந்தது தெரியுமா? முளையடித்துத் தரையில் கிடத்திய தறியில், வீட்டுப் பெண்கள் நெய்தது. கூடாரம் பெயர்ந்தால் தறியையும் சுருட்டிக்கொண்டு போவார்கள். அதே கைகள்தான் தலையணைக்கு ‘பாலிஷ்த்’, விலங்கின் முதுகில் போடும் இரட்டைப் பைக்கு ‘குர்ஜின்’, ரொட்டி வைத்துச் சாப்பிட ‘சொஃப்ரே’ எல்லாம் நெய்தன. புழுதியும் ஆட்டுக்குட்டியும் குழந்தையின் மூத்திரமும் பார்த்த சாதி அது. மஞ்சிட்டிச் சிவப்பு, அவுரி நீலம், கரும்பழுப்பு என்று இருண்டு கிடக்கும் அந்த விரிப்பில் வெற்றிலைச் சாறு விழுந்தால், விளக்கைப் பிடித்துக்கொண்டுதான் தேட வேண்டும்.

அதைத் தோளில் சுமந்து வந்தவர் அந்த அம்மாளின் மகன். மகன் கடல் கடந்து சம்பாதித்து என்ன வாங்கினான் என்பதே அவருக்குத் தெரியாது. வெறும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு ஊர் திரும்புகிறார். அவர் ஒருமுறையாவது துப்பியதாக நீங்கள் எழுதவில்லை. துப்பிவிடுவார் என்று நீங்களே முடிவு செய்துகொண்டீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கப் போவதில்லை. பெற்றவளுக்குக் கிடைக்காத விரிப்பு யாருக்காக? அடுத்த வீட்டுக்காரர் பார்க்கவா?

பரணைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பளியை அரிக்கும் பூச்சிக்கு இருட்டும் ஆள் அசையாத இடமும்தான் சொர்க்கம். மாமியார் ஒரு மாதம் தங்கினால், வெற்றிலை செய்யாத சேதத்தைப் பூச்சி செய்துவிடும்.

இறக்குங்கள். பின்பக்கம் மேலே இருக்கும்படி வெயிலில் சற்று நேரம் போட்டு, தட்டி விரியுங்கள். பாத்திரக் கடையில் வெற்றிலை துப்ப ஒரு படிக்கம் வாங்கி அதன் ஓரத்தில் வையுங்கள். கறை பட்டால் உடனே ஈரத்துணியால் ஒற்றுங்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள். நடுவில் அவரை உட்கார வையுங்கள். கையால் தடவிப் பார்த்து, என்ன விலை என்று கட்டாயம் கேட்பார். அதை மட்டும் கொஞ்சம் குறைத்துச் சொல்லுங்கள்.