விளக்கை வாங்கும் முன் புரட்டாசியைப் பற்றிச் சொல்லுங்கள்

டர்பனிலிருந்து கேப் டவுனுக்கு வந்து மூன்று வருடம். இங்கே குளிர்காலமான ஆனி பிறந்ததும் எழுந்திருக்க முடிவதில்லை, அழுகை வருகிறது, ரொட்டியும் இனிப்பும்தான் இறங்குகிறது. சோர்வு போக முன்னே உட்காரும் பிரகாசமான ஒளி விளக்கு வாங்கலாமா, கண் கெடுமா, புற்றுநோய் வருமா? இவ்வளவும் கேட்டுவிட்டு, கடைசி வரியில்தான் மனதில் இருப்பதை எழுதியிருக்கிறீர்கள்: "அப்பா லித்தியம் சாப்பிட்டார். எனக்கும் அப்படி ஆகிவிடுமா?"

லித்தியம் பெரும்பாலும் இருமுனை மனநோய்க்குத் தரும் மருந்து; மனம் ஒரு காலம் சோர்ந்தும் ஒரு காலம் அளவுமீறி எழுந்தும் போகும் நோய் அது. அப்பாவுக்கு அது இருந்திருந்தால், உங்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான். ஆனாலும் அப்படிப்பட்ட பெற்றோரின் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அது வருவதில்லை. இத்தோடு விட்டுவிடலாம் என்றால், நீங்கள் நல்ல செய்தியாக எழுதிய ஒரு விஷயம் என்னை விடவில்லை. போன புரட்டாசி விரதத்தின்போது சோர்வெல்லாம் போய், மூன்று மணி நேரத் தூக்கமே போதுமாக இருந்தது, இரவு இரண்டு மணிக்குத் திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தேன், ஒரே வாரத்தில் இரண்டு சோபா செட் தவணைக்கு எடுத்தேன் என்கிறீர்கள். குளிர்காலம் முடிந்ததும் உற்சாகம் திரும்புவது சகஜம். ஆனால் குறைவாகத் தூங்கியும் களைப்பே தெரியாமல், பேச்சும் செலவும் கைமீறிப் போவது அந்த நோயின் எழுச்சி நிலையாக இருக்கலாம். அப்படிப்பட்டவர் தானாகவே பிரகாச விளக்கின் முன் உட்கார்ந்தால், அந்த ஒளியே அவரை மறுபடி அந்த நிலைக்குத் தள்ளிவிடக்கூடும்.

மனச்சோர்வு மாத்திரையிலும் இதே ஆபத்து உண்டு. அக்காவின் ஃப்ளூவாக்ஸ்டினை நான்கு நாள் போட்டுப் பார்த்தீர்களாம். போதும், இனி தொடாதீர்கள். அடுத்தவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. டாக்டரிடம் போகும்போது இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கண், புற்றுநோய் பயத்தை விட்டுவிடலாம். புற ஊதாக் கதிரை வடிகட்டிய விளக்கு இரண்டையும் கொண்டுவராது. சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும் வேறு கண் நோய் உள்ளவர்களும் முதலில் கண் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"ஊர் மாறிய ஏக்கம்" என்கிறாராம் உங்கள் மாமியார். வெளிச்சக் குறைவும் காரணமாக இருக்கலாம். ஜூன் கடைசியில் கேப் டவுனில் ஏழே முக்காலுக்கு மேல்தான் சூரியன் எழுகிறது, டர்பனைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாமதம். போதாததற்கு மழை மூட்டம் வேறு. குளிர்கால மனச்சோர்வை 1984-இல் விவரித்து எழுதிய மனநல மருத்துவர் நார்மன் ரோசென்தாலும் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர்தான். அமெரிக்காவுக்குப் போன பிறகு அங்குள்ள குளிர்காலத்தில் தானே சோர்ந்து போவதைக் கவனித்தவர் அவர். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்.

விளக்கு பலருக்குப் பலன் தரும். 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) விளக்கின் முன், காலையில் எழுந்தவுடன் அரை மணி நேரம் உட்கார வேண்டும். விளக்கையே உற்றுப் பார்க்க வேண்டாம், பக்கத்தில் வைத்துக்கொண்டு டீ குடிக்கலாம். ஒன்றிரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும். ஆனால் உங்களுக்கு அது டாக்டர் பார்த்த பிறகுதான். இருமுனை நோய் என்று உறுதியானால்கூட, மனநிலையைச் சீராக்கும் மருந்தோடு விளக்கையும் தருவதுண்டு; சிலருக்குக் காலைக்குப் பதில் நண்பகலில். அதுவரை மதிய இடைவேளையில் வெளியே நடங்கள். மேகம் மூடிய பகலிலும் வெளியே இருக்கும் வெளிச்சம் வீட்டு டியூப் லைட்டைவிடப் பல மடங்கு.

இடையில் சாகலாம் என்ற எண்ணம் வந்தால், எந்த நேரமானாலும் தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்ற நோய் அமைப்பின் 0800 567 567 எண்ணைக் கூப்பிடுங்கள்.

டாக்டரிடம் தனியாகப் போகாதீர்கள், கணவரையும் கூட்டிப் போங்கள். அந்த இரவுகளில் திரைச்சீலை துவைத்த சத்தத்தில் விழித்துக் கிடந்தவர் அவர்தானே, நீங்கள் மறந்ததை அவர் சொல்வார்.