பாதி வானத்தில் அணைந்தது விமானம் இல்லைங்க

மண்டபம் கடற்கரையில் ராத்திரி ஏழரைக்கு மேற்கே கிளம்பின வெளிச்சம், மேகமே இல்லாம நடுவானத்தில் அணைஞ்சு போச்சுன்னு கேட்டிருந்தீங்க. பெரும்பாலும் அது சர்வதேச விண்வெளி நிலையம்தான். விமானம்னா சிவப்பும் வெள்ளையும் விட்டு விட்டு மின்னும். நிலையம் மின்னாது, நமக்கு இருட்டின பிறகும் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் அதுமேல வெயில் படுது, அந்தப் பளபளப்புதான் தெரியுது. கிழக்கே போகப் போக பூமியோட நிழலுக்குள்ள நுழைஞ்சிடும். அணையறதுக்கு முன்னாடி லேசா செம்மை தட்டும், அடுத்த தடவை கவனிங்க.

நிலையம் எப்போ தெரியும்னு காட்டுற ஆப்பில் ஊர் சென்னைன்னு இருந்தா உடனே மாத்திடுங்க. அங்கே உச்சியில் போறது நமக்கு வடக்கே பாதி உயரத்தில்தான் தெரியும். ராத்திரி பத்து மணிக்கு மேல தேடுறது வீண், அப்போ நிலையம் நிழலுக்குள்ளதான் இருக்கும். மறுபடி விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி பாருங்க. படகுத்துறை விளக்குக்கு முதுகைக் காட்டி நின்னா போதும், பைனாகுலர் எல்லாம் தேவையே இல்லை.