வாசகர் கேள்வி: தோட்டத்து மரப் பெஞ்சு

கேள்வி: வெயிலிலும் மழையிலும் கிடக்கும் மரப் பெஞ்சில் வார்னிஷ் உரிந்து, கால்களின் அடிப்பகுதியும் மெத்தென்று ஆகிவிட்டது. மறுபடி வார்னிஷ் அடித்தால் போதுமா?

பதில்: போதாது, ஈரத்தை உள்ளே வைத்து மேலே பூசினால் அழுகல் தொடரவே செய்யும். மரத்தின் வெட்டுமுனை (குறுக்கே அறுத்த முனை), பக்கவாட்டைவிட மிக வேகமாக நீரை உறிஞ்சுவதால்தான் தரையைத் தொடும் கால்கள் முதலில் கெடுகின்றன. திருப்புளியால் குத்திப் பார்த்து, எளிதாக இறங்கும் பகுதியை உறுதியான மரம் தெரியும்வரை செதுக்கி எடுத்து, நன்கு உலர்ந்த பிறகு சிறு பள்ளமானால் எபாக்சியால் (இரு பகுதிகளைக் கலந்ததும் இறுகும் பசை) நிரப்புங்கள். ஆழமானால் அதே வகை மரத்துண்டை ஒட்டுவதே நிலைக்கும். பழைய வார்னிஷை 80ஆம் எண், பின்னர் 120ஆம் எண் உப்புத்தாளால் நாரோட்டத்தின் திசையிலேயே தேய்த்து நீக்கி, கடையில் ‘காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய்’ (boiled linseed oil) என்று விற்கும் எண்ணெயை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். எண்ணெய் உரியாது என்பதால் அதையே நான் பரிந்துரைக்கிறேன். ஆனால் எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும். வெளியில் விரித்து உலர்த்துங்கள்.