சத்தியக்கடதாசியில் ‘பிலீஃப்’: சமயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை

வலிகாமத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் ஒரு விதம், அடையாள அட்டையில் வேறு விதம். இரண்டும் ஒருவரே என்று ஆங்கிலத்தில் சத்தியக்கடதாசி (அஃபிடவிட்) ரைப் அடித்துத் தந்தார்கள். அதில் ‘ஐ வெரிலி பிலீவ்’ என்றும் கடைசியில் ‘நொலெட்ஜ் அன்ட் பிலீஃப்’ என்றும் இருக்கிறது. நான் சைவம். ஒப்பமிடலாமா?”

பயப்பட வேண்டாம். ‘பிலீஃப்’ என்றால் நம்பிக்கைதான், ஆனால் கடவுள் நம்பிக்கையைப் பற்றி அந்தச் சொல் எதுவும் கேட்கவில்லை. நீங்கள் நேரில் கண்டும் கேட்டும் அறிந்தது நொலெட்ஜ், அதாவது அறிவு. பிறர் சொன்னதையோ பத்திரங்களையோ வைத்து உண்மை என்று நீங்கள் கொள்வது பிலீஃப். ‘வெரிலி’ என்பது ‘மெய்யாகவே’ என்ற பழைய சொல், அவ்வளவுதான்.

அப்பாவை ஊரில் இரண்டு பெயராலும் கூப்பிட்டதை நீங்களே கேட்டிருந்தால் அது அறிவு. அங்கே ‘பிலீவ்’ போட்டு உங்கள் சாட்சியத்தை நீங்களே பலவீனமாக்க வேண்டாம். அவர் பிறந்தபோது பதிவில் பெயரைச் சுருக்கிவிட்டார்கள் என்பது நீங்கள் பார்த்ததல்ல. “அப்பம்மா சொன்னதாலும், காணி உறுதியில் முழுப்பெயர் இருப்பதாலும் நம்புகிறேன்” என்று காரணத்தோடு எழுதுங்கள்.

இதே கடதாசி நீதிமன்றத்துக்குப் போகுமானால் விதி இன்னும் இறுக்கம். இலங்கையின் 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை, சத்தியக்கடதாசியில் சொந்த அறிவில் உள்ளதை மட்டுமே சொல்லச் சொல்கிறது. வழக்கு நடக்கும்போது இடையில் போடும் விண்ணப்பங்களில் மட்டும் நம்பிக்கையையும் சொல்லலாம். அங்கேயும் காரணம் எழுத வேண்டும். இடைக்கால விண்ணப்பம் தவிர்ந்த இடத்தில் ‘நம்புகிறேன்’ என்று எழுதிவிட்டு நீதிபதி ஏற்பார் என்று இருந்துவிடாதீர்கள். காரணம் எழுதினாலும் அங்கே அது எடுபடாது.

சமயம் வருவது முதல் வரியில். கிறிஸ்தவர் சத்தியம் செய்வார்; இந்துக்கள், பௌத்தர்கள், முஸ்லிம்கள் உறுதியுரைப்பார்கள். 1895ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் வழக்கம் இது. உங்கள் கடதாசியில் ‘ஸ்வேர்’ இருந்தால் ‘அஃபர்ம்’ என்று மாற்றச் சொல்லுங்கள்.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது வேறு. எவருடைய கதைக்கும் ஒரே மாதிரியை வைத்துப் பெயரை மட்டும் மாற்றித் தருகிறார்கள். “நீங்கள் வரத் தேவையில்லை, ஜேபியின் (சமாதான நீதவானின்) ஒப்பம் நாங்கள் எடுத்துத் தருகிறோம்” என்கிற தரகரிடம் காசு கொடுக்காதீர்கள். சமாதான நீதவானுக்கு முன்னால் நீங்களே இருந்து ஒப்பமிட வேண்டும். அவர் முத்திரை ஏற்கெனவே குத்தியிருக்கும் வெற்றுத்தாளைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். பொய் என்று தெரிந்தால் சிக்குவது ஒப்பமிட்ட நீங்கள்தான், தரகர் அல்ல.

ஆங்கிலம் விளங்காதவருக்கு வாசித்து விளக்கியதாகவும் அந்தக் கடதாசியிலேயே எழுதப்பட வேண்டும். இதை எத்தனை பேர் செய்கிறார்கள்? 1987இலேயே தமிழ் அரசகரும மொழியாகிவிட்டது. வடக்கு கிழக்கின் நிர்வாக மொழியும் தமிழ்தான். இன்னும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை தன் அப்பாவின் பெயரைப் பற்றி விளங்காத ஆங்கிலத்தில் ஏன் உறுதியுரைக்க வேண்டும்? உள்ளூர் அலுவலகத்துக்கு என்றால் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். வெளிநாட்டுக்கு என்றாலும் முதலில் தமிழில் ஒப்பமிட்டு, பிறகு சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி எடுங்கள்.